மையவாடி ஓரத்தில் ஒரு மெழுகுத் துண்டு

புருஷன் வெளிநாட்டில் இருந்த காலம் கஷ்டமா, திரும்பி வந்த காலம் கஷ்டமா என்று கமருன்னிஸாவிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லியிருப்பாள்.

அவள் பிறந்தது வலங்கைமான். வாழ்க்கைப்பட்டது கீழ்வேளூரில், மாமி மகன் அஹமது கபீருக்கு. கல்யாணமான மறுவருஷமே அவர் குவைத்துக்குப் போய், மீன் வைக்கிற குளிர்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் அங்கே இருந்தவரைக்கும் இங்கே எல்லாமே அவள்தான். ஓட்டு வீட்டை மாடிவீடாக்கினாள். சிமெண்டைக் குறைத்துக் கலந்த கொத்தனாரைச் சாரத்திலிருந்து இறங்க வைத்து, மறுபடி கலக்கச் சொன்னாள். மகளைத் திருவாரூரில் கட்டிக்கொடுத்தாள். மின்வாரியத்திலும் தாலுகா ஆபீசிலும் அவள் தலை தெரிந்தால் ஆட்கள் தானாக எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள். பிறகு கபீர் ஒரேயடியாகத் திரும்பி வந்து, கடைத்தெருவில் மீன்கடை போட்டார். அன்றைக்குத்தான் அவளுக்கு வேலை கூடிப்போயிற்று.

கபீர் கெட்ட மனுஷர் இல்லை. பீடி கிடையாது, ஊர்வம்பு கிடையாது. அவரிடம் ஒரே ஒரு கோளாறு. யார் எதைச் செய்து வைத்தாலும் அதை இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்துவிடப் பார்ப்பார். குக்கர் விசில் காதைத் துளைக்கிறதென்று அதில் கம்பியைச் சுற்றினார். பருப்பு போய் மேல்தளத்தில் ஒட்டிக்கொண்டது. கோடையில் தொட்டித் தண்ணீர் சுடுகிறதென்று கடையிலிருந்து ஒரு பார் ஐஸைத் தூக்கிவந்து மாடித் தொட்டிக்குள் இறக்கினார். வாரம் பூராவும் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்தாலும் கெளுத்தி வாசம், காப்பி குடித்தாலும் கெளுத்தி வாசம்.

"ஐஸ்ல வெச்சா எதுவும் கெடாது புள்ள" என்பார். உலகத்தில் அவருக்குப் படைத்தவன்மேல் ஒரு நம்பிக்கை, அடுத்தபடி ஐஸ்மேல்.

"என்னையும் தூக்கி அதுலயே வெச்சிடுங்க மச்சான். சத்தம் போடாம கெடப்பேன்."

அவளுக்கு இடது மார்பில் கட்டி தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை குளிக்கும்போது. கோலிக்குண்டு அளவு. அழுத்தினால் வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளைக் கலக்கிற்று. வலங்கைமானில் அவள் அக்கா சைத்தூன் பீவிக்கும் இப்படித்தான் வலிக்காமல் வந்தது. மார்பை எடுத்தார்கள், முடி கொட்டியது, வாந்தியெடுத்தே உருக்குலைந்து மவுத்தானாள். அந்தக் கட்டி எந்த ஜாதியைச் சேர்ந்ததென்று பார்க்கிற வசதி அப்போது இந்தப் பக்கத்தில் இல்லை. கடைசிவரை அக்காவுக்குக் கொடுத்தது சரியான மருந்துதானா என்று ஒருவருக்கும் தெரியாது. கமருன்னிஸா அதை நெஞ்சில் வைத்திருந்தாள். தனக்கு வந்தது இன்னதென்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் போய்ச் சேரக் கூடாது.

திருவாரூரில் ஒரு டாக்டர் தடித்த ஊசியை விட்டுக் கட்டியிலிருந்து நூல்நூலாகக் கொஞ்சம் சதை எடுத்தார். எடுத்த கையோடு ஒரு சின்னக் குப்பி மருந்தில் போட்டு அங்கிருந்த லேபுக்கு அனுப்பினார். புற்றுதான் என்று முடிவு வந்தது. அந்தச் சதையை மெழுகில் பதித்து, தீப்பெட்டியில் பாதி அளவுள்ள பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்து, "இதப் பத்திரமா வெச்சிருங்க, பெரிய ஆஸ்பத்திரியில கேப்பாங்க" என்று லேபுக்காரர் கபீர் கையில் கொடுத்தார்.

"நான் பாத்துக்கிறேன்" என்றார் கபீர். கமருன்னிஸாவுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் நினைப்பு வேறெங்கோ இருந்தது.

அறுவை சிகிச்சை நாகப்பட்டினத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. கட்டியை வெட்டியெடுத்த டாக்டர், "இதுல ஹார்மோன் ரிசப்டர் பாக்கணும்மா. தஞ்சாவூர்லதான் செய்வாங்க. அந்த முடிவ வெச்சுத்தான் மேற்கொண்டு மருந்து" என்று சொல்லியிருந்தார். அந்த மருத்துவமனையில் சொந்தமாக லேப் கிடையாது. வெட்டியெடுத்த சதையை ஒரு டப்பாவில் போட்டு, மருந்துநீர் ஊற்றி மூடி, வீட்டு ஆளிடம் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். கொடுத்தார்கள். வீட்டு ஆள் கபீர்.

மயக்கம் தெளிந்து நாலு நாள் கழித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டே அவர் கதை சொன்னார்.

"டப்பாவத் தொறந்து பாத்தேன் கமரு. குப்புன்னு மூக்குல ஏறுது. என்னன்னு நெனக்கிற? பார்மலின்!"

அந்த வருஷம் ஆனி, ஆடி முழுக்க ஊரில் வேறு பேச்சில்லை. மீன் கெடாமலிருக்க, பிணத்துக்குப் போடுகிற பார்மலினைத் தடவுகிறார்கள் என்று டீக்கடைக்கு டீக்கடை வதந்தி. கபீர் கடைக்கும் அதிகாரிகள் வந்தார்கள். வஞ்சிரத்தின்மேல் ஒரு காகிதத்தை ஒற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று போனார்கள். அப்படியும் வியாபாரம் பாதியாய்ப் படுத்துவிட்டது. 'பார்மலின் தொடாத மீன்' என்று பலகை எழுதி மாட்டியிருந்தார். வழியில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் செவுளைத் தூக்கிக் காட்டினார்.

"மீனுக்கே தொடவிடாதவன் நான். எம் பொண்டாட்டி ஒடம்புக்கா அந்த மருந்து? கீழ கொட்டிட்டு, குழாயில நல்லா மூணு தண்ணி அலசி, தெர்மாகோல் பொட்டியில அடியில ஐஸு, மேல ஐஸு. எறால எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்புற மாதிரி."

"லேபுக்குப் போச்சா, இல்லையா?"

"அன்னிக்கே கெளம்பிட்டேனே. கொரடாச்சேரி தாண்டல, கொறுவைக்குத் தண்ணி விடலன்னு ரோட்டுல உக்காந்துட்டாங்க. டிராக்டர குறுக்கப் போட்டு மறியல். நம்ம ஊரு வெவசாயி பஞ்சநதம் அண்ணன்தான் முன்னால நின்னு கத்துனாரு. பஸ்ஸு திரும்பிடுச்சு. மறுநாள் ஞாயிறு, லேபு இல்ல. திங்கக்கெழமை காலையில கொண்டுபோய்க் குடுத்தேன். நடுவுல ஐஸு மாத்திக்கிட்டே இருந்தேன்ல. குடுக்கும்போது அப்பதான் அறுத்த மாதிரி இருந்துச்சு!"

அவள் கையிலிருந்த ஆப்பிள் துண்டைத் தட்டில் திருப்பி வைத்தாள். ஆனால் அது சரியா தப்பா என்று அவளுக்கும் தெரியாது. வழக்கம்போல ஏதோ செய்து வைத்திருக்கிறார் என்று மட்டும் பட்டது.

கொஞ்ச நாளில் தஞ்சாவூர் லேபிலிருந்து ஃபோன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள்.

அங்கிருந்த டாக்டர் ஞானாம்பாள் ஐம்பதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேஜைமேல் தேடுகிறவர். கமருன்னிஸாவை உட்கார வைத்து, நுண்ணோக்கியில் தெரிவதைப் பக்கத்துத் திரையில் காட்டினார்.

"சில கட்டி உங்க உடம்புல ஊறுற ஹார்மோனத் தின்னு வளரும்மா. அத வாங்கிக்கிறதுக்கு செல்லுக்குள்ள ஒரு புரோட்டீன் இருக்கணும். அதத்தான் ரிசப்டர்ங்கறது. அது இருந்தா, அதுல மட்டும் போய் ஒட்டுற மாதிரி ஒண்ணத் தடவி, மேல சாயம் ஏத்துவோம். செல்லோட நடுப்புள்ளி பழுப்பா மாறும். மாறினா மாத்திரை கேக்கும். தெனம் ஒண்ணு, வருஷக்கணக்குல போடணும். கட்டிக்குத் தீனி போகாம தடுத்துடும். மாறலன்னா அந்த மாத்திரையால காசுக்குப் பிரயோஜனமில்ல. வேற வழிதான், அது கஷ்டமான வழி."

"எனக்கு?"

திரையில் வெளிறிய நீலம். வெயிலில் வைத்த துணிபோல் நைந்த நீலம்.

"சாயம் ஏறல. இல்லன்னுதான் எழுதணும். ஆனா நான் கையெழுத்துப் போடல. இத பாருங்க, இது வேற ஒருத்தங்களோட சதை, சரி பாக்குறதுக்காகக் கூடவே வெச்சு சாயம் ஏத்துனது. நல்லா பழுப்பா இருக்கா? அப்ப எங்க மருந்துல குத்தமில்ல. இப்ப உங்களுது. கட்டிய விடுங்க. அதுக்குப் பக்கத்துல இந்த வட்டம் தெரியுதா, இது உங்களோட நல்ல பால்குழாய். நோயே இல்லாதது. இதுலயாவது அங்கங்க பழுப்பு விழுந்திருக்கணும். ஒரு புள்ளி இல்ல. நல்லதே நெறம் காட்டலன்னா கெட்டது காட்டலன்னு நான் எத வெச்சுச் சொல்றது? சதை எங்கயோ கெட்டிருக்கு. எடுத்த ஒடனே பார்மலின்ல போட்டாங்களா, இல்லியா?"

கமருன்னிஸா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கபீர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பரிசு வாங்கப் போகிற பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பார்மலின நான் கொட்டிட்டேங்க டாக்டர். சுத்தமா அலசி, ஐஸ்ல..."

டாக்டர் ஞானாம்பாள் முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பாய், அது திங்கிற மீனு. இது பாக்குற சதை. பார்மலின்தான் அதுல இருக்கிறத இருந்த எடத்துலயே புடிச்சு வெக்கும். நீங்க தண்ணியில அலசி, ஐஸ்ல ஊற வெச்சு, உள்ள இருந்ததெல்லாம் சிதைஞ்சு போச்சு. அறுத்தவங்க ஒழுங்கா ஊத்திக் குடுத்திருக்காங்க. நீங்க..." கண்ணாடியை மறுபடி எடுத்துத் துடைத்தார். "என் சர்வீஸ்ல டப்பாவக் கவுத்தவங்களப் பாத்திருக்கேன், பஸ்ஸுல மறந்தவங்களப் பாத்திருக்கேன். எக்ஸ்போர்ட் பண்ணவர இப்பத்தான் பாக்குறேன்."

"வேற வழி இல்லீங்களா?" என்றாள் கமருன்னிஸா. அக்காவின் மொட்டைத்தலை கண்முன் வந்து போயிற்று.

"ஏன் இல்ல? முதல்ல ஊசியில எடுத்தாங்களே, அது எடுத்த கையோட மருந்துல விழுந்திருக்கும். அந்த மெழுகு பிளாக்கு போதும். அதுலேர்ந்து சீவி மறுபடி சாயம் ஏத்திப் பாத்துடலாம். எங்க அது?"

"வீட்டுலதான் இருக்கு. இவுங்ககிட்டதான் குடுத்தாங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள், கபீர் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பதைக் கண்டாள். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். பருப்பு ஒட்டிய அன்றைக்கும் மேலே பார்த்தபடிதான் நின்றார்.

"மச்சான். எங்க?"

"ஒடம்புலேர்ந்து எடுத்த சதைய அப்படி இப்படி போட்டு வெக்கக் கூடாது புள்ள. கண்ணியமா மண்ணுல அடக்கணும்."

"எங்கன்னு கேட்டேன்."

"அடக்கிட்டேன். வெள்ளத் துணியில சுத்தி."

டாக்டர் ஞானாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு, "மெழுகுக்குத் தண்ணி ஏறாது, மண்ணுல ஒண்ணும் ஆகியிருக்காது. மம்முட்டி பட்டு ஒடைஞ்சுடாம எடுத்துட்டு வாங்க. அலசாம எடுத்துட்டு வாங்க" என்றார்.

பஸ்ஸில் திருவாரூர் வருகிறவரை கமருன்னிஸா வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம் திறந்தாள். கண்டக்டர் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார். இறங்குவதற்குள் முழு விவரமும் வெளியே வந்துவிட்டது. வந்தது அவள் நினைத்ததைவிட மோசம்.

முறைப்படி ஊர் இடுகாடான மையவாடிக்குள் அடக்குவதென்றால் பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லி மீரா உசேனிடம் சொல்ல வேண்டும். நூல் அளவு சதைக்குக் குழியா என்று அவர் சிரிப்பார் என்று கபீருக்குக் கூச்சம். அதனால் யாரிடமும் சொல்லாமல், மையவாடியின் கிழக்கோரத்தில், பூவரச மரத்தடியில் காலியாகக் கிடந்த துண்டு நிலத்தில் புதைத்துவிட்டார். ஊரில் எத்தனையோ காலி இடம் இருக்க, அவருக்கு அகப்பட்டது அந்த இடம்.

அந்தத் துண்டு யாருடையது என்று பட்டாளமே வந்தாலும் தீர்க்க முடியாது. தூர்ந்துபோன பழைய வாய்க்கால் அது. மையவாடியைச் சேர்ந்தது என்று ஜமாஅத் சொல்லிற்று. தன் வயலின் வரப்பு என்று பஞ்சநதம் சொன்னார். புறம்போக்கு என்று தாசில்தார் சொன்னார். ஆட்சி மாறும்போதெல்லாம் சங்கிலி பிடித்து அளந்தார்கள்; ஒவ்வோர் அளவிலும் எல்லை ஒரு முழம் நகர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், மீரா உசேனும் பஞ்சநதமும் ஒரே கட்சி. ஒரே கரைபோட்ட துண்டு, பொதுக்கூட்ட மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மேடையை விட்டு இறங்கினால் இந்தத் துண்டுக்காக ஒருவர்மேல் ஒருவர் மனு. கடைசியில், முடிவு தெரிகிறவரை அங்கே இரு தரப்பிலும் யாரும் மண்ணைத் தொடக் கூடாது என்று கோட்டாட்சியர் உத்தரவு போட்டு, பலகையும் நட்டுவிட்டுப் போனார்.

"பலகை இருக்குறது தெரியும்ல?"

"அதுக்குப் பக்கத்துலதான் பொதைச்சேன். அடையாளத்துக்கு நல்லதுன்னு."

மறுநாள் காலையில் கபீர் மம்முட்டியோடு போனார். தரையில் வெட்டு விழுவதற்குள் பஞ்சநதம் வயலிலிருந்து ஓடிவந்து பிடித்துக்கொண்டார். "பாய், உத்தரவு இருக்கையில நீங்க மண்ணு வெட்டுனா அது அனுபவ உரிமை ஆயிடும். நாளைக்குக் கோர்ட்டுல காட்டுவீங்க." விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு இரக்கம் வந்தது. "அப்படின்னா நானே எடுத்துத் தாரேன்" என்றார். அதற்குள் மீரா உசேன் வந்துவிட்டார். "நீங்க வெட்டுனா அது மட்டும் அனுபவம் ஆவாதாண்ணே?" என்றார். இருவரும் நல்ல மனுஷர்கள். இருவருக்கும் கமருன்னிஸாமேல் மரியாதை. எடுக்கத்தான் வேண்டும் என்பதில் இருவருக்கும் மாற்றுக்கருத்தே இல்லை. யார் எடுப்பது என்பதில்தான் வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. கோட்டாட்சியருக்கு மனுப் போடலாம் என்றார் ஒருவர். எம்.எல்.ஏ.விடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யலாம் என்றார் இன்னொருவர். கபீர் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்.

"மனு எழுதணுமாம் கமரு. நாலு பிரதி."

கமருன்னிஸா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையிலிருந்த தோசைத் திருப்பியோடு வாசலில் இறங்கினாள். இடது கை இன்னும் தோளுக்குமேல் ஏறாது. அதை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தாள். கபீர் பின்னாலேயே ஓடினார்.

பூவரசடியில் இரண்டு பேரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். மீரா உசேன் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"என்னம்மா இது, பொம்பளைங்க மையவாடிக்குள்ள வர்ற பழக்கம் நம்ம ஊர்ல உண்டா?"

"இது மையவாடியா?"

"பின்ன?"

"மையவாடின்னா மண்ணு உங்களுது. நீங்களே தோண்டி எடுத்துக் குடுங்க. தோண்ட முடியாதுன்னா இது மையவாடின்னு இன்னும் முடிவாகல, நான் வரலாம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

மீரா உசேன் தாடியைத் தடவினார். பஞ்சநதத்துக்கு முகமெல்லாம் பல். "அப்படிக் கேளு தங்கச்சி! நீ தாராளமா எடு. ஒண்ணே ஒண்ணு. எடுக்கும்போது, பஞ்சநதத்தோட எடத்துலேர்ந்து எடுத்தேன்னு ஒரு வார்த்த..."

"அப்படி மட்டும் சொல்லிடாதம்மா" என்றார் மீரா உசேன்.

கமருன்னிஸாவுக்கு இந்த வருஷத்து ஆத்திரம் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்துகொண்டது: ஐஸ், மறியல், பலகை, மனு, நாலு பிரதி.

"அண்ணே, இருக்கேனா போறேனான்னு நான் நிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் வாய்க்கா அளக்குறீங்க. இது உங்க பக்கமும் இல்ல, அவுங்க பக்கமும் இல்ல. உள்ள கெடக்குறது என் சதை. என் சதை கெடக்குற எடத்துலேர்ந்து எடுக்குறேன். இத எந்தக் கோர்ட்டுல வேணாலும் சொல்லிக்குங்க."

சொல்லிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோசைத் திருப்பியை மண்ணில் இறக்கினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். பார்க்கவில்லை என்று நாளைக்குச் சத்தியம் செய்ய வேண்டியிருக்குமே.

"எங்க மச்சான்?"

"பலகைக்குத் தெக்கால ஒரு சாண்."

தோண்டினாள். வேர் வந்தது.

"இல்ல, வடக்காலயோ என்னமோ."

தோண்டினாள். கிளிஞ்சல் வந்தது.

"அன்னிக்கு வெயிலு முதுகுல அடிச்சுது. அப்படின்னா..."

"வாய மூடிக்கிட்டு அன்னிக்கு நின்ன மாதிரி நில்லுங்க."

கபீர் நின்றார். காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, குனிந்து, ஒரு இடத்தைக் காட்டினார். மூன்றாவது குழியில், பழுப்பேறிய வெள்ளைத் துணி தெரிந்தது. அவள் திருப்பியை வைத்துவிட்டு விரலால் மண்ணை விலக்கினாள். முடிச்சு அழகாகப் போட்டிருந்தார். உள்ளே பிளாஸ்டிக் சட்டம், மெழுகு, மெழுகுக்குள் வெளிறிய நூல் மாதிரி அவளுடைய சதை. அரிசியில் பொறுக்கி எறிகிற புழு அளவுகூட இல்லை. இதற்காகவா இத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தண்ணியில ஒரு தடவ..." என்று கபீர் ஆரம்பித்தார்.

"தொட்டீங்கன்னா கைய வெட்டிடுவேன்."

அதைத் தன் மடியிலேயே முடிந்துகொண்டு, தஞ்சாவூருக்கு அவளே பஸ் ஏறினாள். கபீருக்கு ஜன்னலோர இடம் கொடுத்து, நடுவில் தன் பையை வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் டாக்டர் ஞானாம்பாள் திரையைத் திருப்பிக் காட்டியபோது யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நல்ல பால்குழாயில் அங்கங்கே பழுப்புப் புள்ளி. கட்டி இருந்த பக்கம் முழுக்க, களத்தில் நெல்லை உதறிவிட்ட மாதிரி, இடமில்லாமல் பழுப்பு. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"மாத்திரை கேக்கும்மா. நல்லாவே கேக்கும்."

கமருன்னிஸா தலையை ஆட்டினாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வந்தது பசி. "எங்க அக்காவுக்கு இதப் பாக்கவே இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஊர் திரும்பி, அன்று சாப்பாட்டுக்குப் பிறகு முதல் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கபீர் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜைத் திறந்தார்.

"வெச்ச எடத்துலயே வைங்க மச்சான்."

வைத்தார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அவரால் அதற்குமேல் முடியாது.

"அந்த மெழுக அவுங்க எப்பத் திருப்பிக் குடுப்பாங்க புள்ள? அடக்கின சதைய வெளியில எடுத்துட்டோமே. மனசு கெடந்து அடிச்சுக்குது."

"அது அங்க அலமாரியில இருக்கட்டும். நான் இங்க இருக்கேன். நான் மவுத்தானப்புறம் வாங்கிட்டு வந்து, ரெண்டையும் ஒண்ணா அடக்கிக்குங்க."

கபீர் யோசித்தார்.

"அதுக்கு முந்தி நான் போய்ட்டேன்னா?"

"போறதுக்கு முந்தி டாக்டர் அம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க" என்றாள் கமருன்னிஸா. தோசைத் திருப்பியின் இடுக்கில் இன்னும் ஒட்டியிருந்த மண்ணைத் தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தாள்.